பிளாஸ்மா 22 நிமிடம் நின்றது சரி, அதன் விளிம்பில் என்ன நடக்கிறது?

2025 பிப்ரவரி 12 அன்று பிரான்ஸின் கடராஷில் இருக்கும் வெஸ்ட் என்ற டோக்கமாக் கருவி (காந்தப்புலத்தால் பிளாஸ்மாவை அடைத்து வைக்கும் வளைய வடிவக் கருவி) ஒரு பிளாஸ்மாவை, அதாவது எலெக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்த மிகச் சூடான வாயுவை, 1,337 விநாடிகள் அணையாமல் வைத்திருந்தது. 22 நிமிடத்துக்கும் மேல். அதற்கு முந்தைய மாதம்தான் சீனாவின் ஈஸ்ட் கருவி 1,066 விநாடிகளை எட்டியிருந்தது. பிரிட்டனின் ஜெட் கருவி 2023இல், நிரந்தரமாக நிறுத்தப்படுவதற்குச் சற்று முன்பு, ஒரே ஓட்டத்தில் 69 மெகாஜூல் அணுக்கரு இணைவு ஆற்றலைத் தந்தது. இவற்றைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒரு சந்தேகம் வருவது இயல்பு. இவ்வளவு சூடாக்கவும் முடிகிறது, இவ்வளவு நேரம் நிறுத்தவும் முடிகிறது என்றால், இன்னும் என்னதான் பாக்கி?

எரிபொருளாகும் ட்ரிட்டியம் என்ற கனமான ஹைட்ரஜனின் தயாரிப்பு, நியூட்ரான் அடியைத் தாங்கும் உலோகம் என்று பாக்கிப் பட்டியல் நீளமானது. ஆனால் அடிப்படை இயற்பியலிலேயே இன்னும் முழுதாகப் பிடிபடாத பகுதி ஒன்று உண்டு. பிளாஸ்மாவின் வெளி விளிம்பில், சில சென்டிமீட்டர் தடிமனுக்குள் நடக்கும் கொந்தளிப்புதான் அது. உள்ளே இருக்கும் வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியேறும், வெளியேறிய வெப்பம் சுவரில் எங்கே விழும் என்ற இரண்டையும் பெரிய அளவில் தீர்மானிப்பது இந்த மெல்லிய பகுதி. அதை அளப்பது ஏன் இவ்வளவு கடினம், எப்படி அளக்கிறார்கள், அளந்ததை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

## விளிம்பு என்றால் எது?

மின்னூட்டம் கொண்ட துகள் காந்தப்புலக் கோட்டைச் சுற்றிச் சுழன்றபடியே அந்தக் கோட்டின் வழியாக ஓடும். கோட்டின் போக்கில் ஓடுவது அதற்கு மிக எளிது, குறுக்கே தாண்டுவது கடினம். டோக்கமாக், முறுக்கிய வடிவக் காந்தச் சுருள்கள் கொண்ட ஸ்டெல்லரேட்டர் என்ற இரண்டு வகைக் கருவிகளும் இந்த ஒரே பண்பை நம்பிக் கட்டப்பட்டவை.

1. உள்ளே இருக்கும் காந்தக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வளையக் குழாய்களைப் போன்ற பரப்புகளில் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவற்றில் மாட்டிய துகளுக்குச் சுவர் என்பதே கிடையாது.

2. இந்தப் பரப்புகளில் கடைசியானது ஒன்று இருக்கும். அதுவரை கோடுகள் தமக்குள் மூடிக்கொள்ளும். அதைக் கடைசி மூடிய பரப்பு என்போம்.

3. அதற்கு வெளியே உள்ள கோடுகள் திறந்தவை. அவை கொஞ்சத் தூரம் சுற்றிவிட்டு உலோகத்தில் போய் முட்டும். அங்கே வந்த துகள் கோட்டின் வழியே வழிந்து உலோகத்தில் விழுந்துவிடும். இந்தப் பகுதிக்கு ஸ்கிரேப்-ஆஃப் அடுக்கு என்று பெயர். முட்டும் இடத்தில் வெப்பத்தைத் தாங்குவதற்கென்றே வைத்திருக்கும் தகடுகள்தான் டைவர்டர்.

விளிம்பு என்று சொல்வது, கடைசி மூடிய பரப்பின் இருபுறமும் உள்ள சில சென்டிமீட்டர்களை. மையத்தில் 10 கோடி டிகிரிக்கு மேல் இருக்கும் வெப்பநிலை இங்கே வரும்போது ஏறத்தாழ 10 லட்சம் டிகிரிக்கு இறங்கியிருக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் உலோகச் சுவர். அடர்த்தியோ கன மீட்டருக்குச் சுமார் 10¹⁹ துகள்கள், அதாவது நாம் சுவாசிக்கும் காற்றில் 25 லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சூடு, ஆனால் இவ்வளவு மெலிவு. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் அளவீட்டு முறைகள் புரிவது எளிது.

## கொந்தளிப்பு எங்கிருந்து வருகிறது?

துகள்கள் ஒன்றோடொன்று மோதி இடம் மாறுவதால் மட்டும் கசிவு நடந்தால், அது மிக மெதுவாகவே நடக்கும். அந்தக் கணக்கு தெளிவாகத் தெரியும். ஆனால் கருவிகளில் அளந்த கசிவு அந்தக் கணக்கைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. மிச்சக் கசிவுக்குக் காரணம் கொந்தளிப்பு.

சில சென்டிமீட்டருக்குள் வெப்பநிலையும் அடர்த்தியும் செங்குத்தாக இறங்கும்போது அந்தச் சரிவே ஆற்றல் சேமிப்பாகிவிடுகிறது. எங்காவது சிறு மேடு எழுந்தால் அங்கே மின்னழுத்தம் மாறும், அதனால் ஒரு மின்புலம் உண்டாகும். மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்தால் பிளாஸ்மா இரண்டுக்கும் செங்குத்தான திசையில் நகரும். அதன் வேகம், மின்புலத்தைக் காந்தப்புலத்தால் வகுத்தால் கிடைப்பது. எலெக்ட்ரானும் அயனியும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் போகும். இப்படி உண்டாகும் சிறு சுழிகள் உள்ளே இருக்கும் சூடான பிளாஸ்மாவை வெளியேயும் வெளியே இருக்கும் குளிர்ந்ததை உள்ளேயும் தள்ளுகின்றன. வளையத்தின் வெளிப்பக்கத்தில் காந்தக் கோடுகளின் வளைவு இதை இன்னும் தூண்டிவிடும்.

இந்தச் சுழிகள் குறுக்கே சில மில்லிமீட்டர் முதல் ஓரிரு சென்டிமீட்டர் வரைதான் இருக்கும். ஆனால் காந்தக் கோட்டின் போக்கில் பல மீட்டர் நீளும். வடிவத்தில் நூலிழை மாதிரி. ஆயுள் பத்து, இருபது மைக்ரோவிநாடிகள். அலைவெண் சில பத்து கிலோஹெர்ட்ஸில் தொடங்கிச் சில நூறு கிலோஹெர்ட்ஸ் வரை போகும். மையத்தில் அடர்த்தி சராசரியிலிருந்து ஒரு சதவீத அளவுக்கே ஏறி இறங்கும். ஸ்கிரேப்-ஆஃப் அடுக்கிலோ அந்த ஏற்ற இறக்கம் சராசரி அளவையே தொட்டுவிடும்.

அதோடு இது சீராகவும் வருவதில்லை, விட்டுவிட்டுத் தெறிக்கிறது. இந்தியாவின் ஆதித்யா டோக்கமாக்கில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு 1992இலேயே இதைப் பற்றிக் கட்டுரை வெளியானது. அடர்ந்த பிளாஸ்மாத் திரள் ஒன்று விளிம்பிலிருந்து பிய்த்துக்கொண்டு, விநாடிக்குச் சில நூறு மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வேகத்தில் சுவரை நோக்கிப் பாயும். துறையில் இதைப் பிளாப் என்பார்கள். கடைசி மூடிய பரப்புக்குச் சற்று உள்ளே பார்த்தால், பிய்ந்துபோன இடத்தில் அடர்த்தி குறைந்த பள்ளம் தெரியும். அதனால் அடர்த்தி அளவீட்டின் புள்ளிவிவரம் வெளியே மேல்பக்கமாகச் சாய்ந்திருக்கும், உள்ளே கீழ்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வு திரும்பும் இடத்தை வைத்தே திரள்கள் எங்கே பிறக்கின்றன என்று கணிக்கிறார்கள். எவ்வளவு அழகான தடயம்!

## ஆட்டம் பெரிதென்றால் கசிவும் பெரிதா?

இந்தத் துறையில் வெளியாகும் வரைபடங்களைப் பார்ப்பவர் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அடர்த்தியின் ஏற்ற இறக்கம் பெரிதாக இருந்தால் கசிவும் பெரிது என்று நினைப்போம். அப்படி இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு கிடங்கின் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். லாரிகள் ஓயாமல் உள்ளே வருகின்றன, வெளியே போகின்றன. வரும் லாரிகளும் போகும் லாரிகளும் எண்ணிக்கையில் சமம். வெளியே போகும் லாரியெல்லாம் சுமையோடும் உள்ளே வரும் லாரியெல்லாம் காலியாகவும் இருந்தால் கிடங்கு காலியாகிக்கொண்டே வரும். இரண்டிலும் ஒரே சுமை இருந்தால், வாசலில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் சரக்கு குறையாது. வாசலில் நின்று லாரிகளை மட்டும் எண்ணினால் இந்த வித்தியாசம் தெரியாது. சுமை எப்போது இருக்கிறது, அப்போது லாரி எந்தத் திசையில் போகிறது என்ற இரண்டையும் ஒரே சமயத்தில் பார்த்தாக வேண்டும்.

பிளாஸ்மாவில் சுமை என்பது அடர்த்தி, லாரியின் போக்கு என்பது சுழியின் வேகம். அடர்த்தி ஏறும் அதே கணத்தில் வேகமும் வெளிப்பக்கமாக இருந்தால் கசிவு உச்சம். இரண்டு அலைகளுக்கும் இடையே கால் சுற்று, அதாவது 90 டிகிரி கட்ட வேறுபாடு இருந்தால் நிகரக் கசிவு பூஜ்யம். அதனால் நமக்குத் தேவை ஒரே இடத்தில், ஒரே கணத்தில், இரண்டு அளவுகள். வெப்பக் கசிவு வேண்டுமானால் வெப்பநிலையையும் சேர்த்து மூன்று. ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில், ஒரு மைக்ரோவிநாடி இடைவெளியில், 10 லட்சம் டிகிரிக்குள் இதைச் செய்ய வேண்டும். எந்த ஒரு கருவியும் தனியாக இதை முழுதாகச் செய்துவிடாது. கீழே ஒவ்வொன்றையும் பார்க்கும்போது இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளலாம்: இது எதை நேரடியாகப் பார்க்கிறது, எதை ஊகிக்கிறது?

## ஊசியை உள்ளே நுழைப்பது: லாங்மியூர் ப்ரோப்

1920களில் இர்விங் லாங்மியூர் உருவாக்கிய முறை இது. ஓரிரு மில்லிமீட்டர் தடிமனுள்ள உலோக ஊசியையோ கிராஃபைட் ஊசியையோ பிளாஸ்மாவுக்குள் வைத்து, மின்னழுத்தம் கொடுத்து, பாயும் மின்னோட்டத்தைப் பார்ப்பார்கள். பிளாஸ்மா மெலிவானது என்பதால் ஊசி உடனே உருகிவிடாது. ஆனால் நெடுநேரமும் தாங்காது. அதனால் ஊசிகள் பொருத்திய தலையை ஒரு நீண்ட கையின் நுனியில் மாட்டி, வேகமாகச் சில சென்டிமீட்டர் உள்ளே செலுத்தி உடனே வெளியே இழுத்துவிடுவார்கள். முழுப் பயணமும் விநாடியின் சிறு பகுதிதான். அதற்குள் விநாடிக்குப் பத்து லட்சம் அல்லது அதற்கும் மேற்பட்ட அளவீடுகள் பதிவாகிவிடும்.

பதிவை விரித்துப் பார்த்தால், அமைதியான கோட்டின் நடுவே திடீரென்று ஒரு கூர் முனை எழும். ஏறும்போது செங்குத்து, இறங்கும்போது வால் நீண்டு மெதுவாகச் சரியும். அது கடந்துபோன ஒரு பிளாப். முன்பக்கம் கூர்மையாகவும் பின்பக்கம் பரந்தும் இருப்பதால்தான் இந்த வடிவம் வருகிறது.

ஆனால் ஊசி தரும் எண்ணில் இரண்டு சிக்கல்கள் உண்டு.

1. ஊசிக்கு வலுவான எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் அயனிகள் மட்டும் வந்து சேரும். அந்த மின்னோட்டம் அடர்த்தியையும் வெப்பநிலையின் வர்க்கமூலத்தையும் பெருக்கியதற்கு ஈடானது. மின்னோட்டம் இரட்டிப்பானால் அடர்த்தி இரட்டிப்பாகியிருக்கலாம், வெப்பநிலை நான்கு மடங்காகியிருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம். பெரும்பாலும் முழுவதையும் அடர்த்தியின் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள்.

2. வேகத்தைக் கண்டுபிடிக்க இரண்டு ஊசிகளின் மிதவை மின்னழுத்தத்தை, அதாவது ஊசியில் நிகர மின்னோட்டமே பாயாதபோது அது காட்டும் மின்னழுத்தத்தை, ஒப்பிடுவார்கள். ஊசிகள் 5 மில்லிமீட்டர் தள்ளி இருக்கின்றன, வித்தியாசம் 5 வோல்ட் என்று வையுங்கள். மின்புலம் மீட்டருக்கு 1,000 வோல்ட். காந்தப்புலம் 2 டெஸ்லா என்றால் வேகம் விநாடிக்கு 500 மீட்டர். கணக்கு சுத்தமாக இருக்கிறது. ஆனால் மிதவை மின்னழுத்தம் என்பது பிளாஸ்மாவின் உண்மையான மின்னழுத்தத்திலிருந்து எலெக்ட்ரான் வெப்பநிலையின் ஏறத்தாழ மூன்று மடங்கைக் கழித்தது. இரண்டு ஊசிகளுக்கும் இடையே வெப்பநிலை வெறும் ஒரு எலெக்ட்ரான் வோல்ட் (பிளாஸ்மா வெப்பநிலையைச் சொல்லும் ஆற்றல் அலகு, ஏறத்தாழ 11,600 டிகிரி) வேறுபட்டாலும் 3 வோல்ட் பிழை வந்துவிடும். நாம் அளந்ததே 5 வோல்ட்தான்!

இதைச் சரிசெய்ய பிராக் நகர ஆய்வாளர்கள் பால்-பென் ப்ரோப் என்ற ஒன்றை உருவாக்கினார்கள். பால்பாயின்ட் பேனாவின் முனையைப் போல, மின்கடத்தாக் குழாய்க்குள் சற்றே உள்வாங்கிய முனை அதற்கு. எலெக்ட்ரான்களின் சுழற்சி ஆரம் மிகச் சிறியது என்பதால் அவற்றில் பெரும்பகுதி குழாய்க்குள் வர முடியாமல் தடுக்கப்படும். அதனால் அளக்கும் மின்னழுத்தம் உண்மையான மதிப்புக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. பக்கத்திலேயே சாதாரண ஊசி ஒன்றையும் வைத்தால், இரண்டின் வித்தியாசத்திலிருந்து வெப்பநிலையும் கிடைக்கும். இவ்வளவு எளிய பொருளால் இவ்வளவு பெரிய குழப்பம் தீர்ந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

## கேமராவில் பிடிப்பது

விளிம்பில் கொஞ்சம் ஹீலியம் அல்லது டியூட்டீரியம் (இதுவும் கனமான ஹைட்ரஜன்தான்) வாயுவை ஊதிவிட்டால், எலெக்ட்ரான்கள் அதன் அணுக்களில் மோதி ஒளிரச் செய்யும். அடர்த்தி கூடிய இடம் அதிகமாக ஒளிரும். காந்தக் கோட்டின் போக்கிலேயே கேமராவை நிறுத்திப் பார்த்தால், நீண்ட இழைகளின் குறுக்குவெட்டு அப்படியே படமாகத் தெரியும். விநாடிக்கு 4 லட்சம் படம் எடுக்கும் கேமரா என்றால் இரண்டு படங்களுக்கு இடையே 2.5 மைக்ரோவிநாடி. விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் போகும் பிளாப் அதற்குள் 2.5 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். திரள் பிறப்பது, பிய்வது, சுவரை நோக்கிப் போவது எல்லாம் திரையில் ஓடும். ஊசி ஒரு புள்ளியைத் தொட்டது என்றால் இது ஒரு பரப்பையே காட்டுகிறது.

இங்கும் கவனம் வேண்டும். ஒளியின் அளவு அடர்த்தியை மட்டும் சார்ந்ததல்ல, வெப்பநிலையும் ஊதிய வாயுவின் அளவும் அதில் கலந்திருக்கும். ஒரு திரள் வாயுவைக் கரைத்துவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் இடம் நிழல் விழுந்தாற்போல் மங்கலாகும், அங்கே பிளாஸ்மா இருந்தாலும். படத்திலிருந்து வேகம் கணக்கிடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. திருகாணியை நின்ற இடத்திலேயே சுழற்றினால் அதன் கோடுகள் மேலேறுவது போலத் தெரியும் அல்லவா? சாய்ந்த வடிவமுள்ள சுழி பக்கவாட்டில் நகரும்போதும் அது வெளிப்பக்கமாகப் போவது போன்ற தோற்றம் வரும். அதை அப்படியே கசிவின் கணக்கில் எழுதிவிட்டால், நடக்காத கசிவை நடந்ததாகச் சொன்னதாகிவிடும்.

## கற்றைகளும் மைக்ரோவேவும்

ஊசி எட்டாத ஆழத்துக்கு வேறு வழிகள் தேவை.

நடுநிலை அணுக்களின் கற்றையைச் செலுத்தி, அது விடும் ஒளியைப் பார்ப்பது ஒன்று. கற்றை வேகமாகப் போவதால் டாப்ளர் விளைவில் அதன் ஒளியின் நிறம் சற்றே நகர்ந்திருக்கும், சுற்றுப்புற ஒளியிலிருந்து எளிதாகப் பிரித்துவிடலாம். ஆனால் 80 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள டியூட்டீரிய அணு விநாடிக்கு ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தூண்டப்பட்ட அணு ஒளியை விடுவதற்குச் சில நானோவிநாடி ஆகும். அதற்குள் அது ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். சில மில்லிமீட்டர் சுழிகளைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் கலங்கல் பெரிய தொல்லை.

மைக்ரோவேவ் முறை ரேடார் போன்றது. ஒவ்வொரு அடர்த்திக்கும் ஒரு அலைவெண் உண்டு, அதற்குக் கீழே உள்ள அலை அந்த அடர்த்தியைத் தாண்டிப் போகாமல் திரும்பிவிடும். கன மீட்டருக்கு 10¹⁹ எலெக்ட்ரான் என்றால் 28 கிகாஹெர்ட்ஸ், 4×10¹⁹ என்றால் 57 கிகாஹெர்ட்ஸ். அலைவெண்ணை மாற்றினால் ஆழம் மாறும். அலையைச் சற்றுச் சாய்த்து அனுப்பினால், சிதறித் திரும்பும் அலையின் டாப்ளர் நகர்விலிருந்து சுழிகளின் வேகமும் கிடைக்கும். விளிம்பில் ஆட்டம் மிகப் பெரிதாக இருக்கும்போது மட்டும் திரும்பும் அலை குழம்பி, அதன் கட்டத்தை அடர்த்தியாக மாற்றும் கணக்கு உடைந்துவிடும்.

## அளந்ததால் என்ன தெரிந்தது?

முதல் பெரிய பலன் எச்-மோடு என்ற நிலையின் விளக்கம். 1982இல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் கருவியில் ஃபிரிட்ரிக் வாக்னர் குழு, சூடாக்கும் திறன் ஒரு அளவைத் தாண்டியதும் பிளாஸ்மா வெப்பத்தைப் பிடித்து வைக்கும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பானதைக் கண்டது. யாரும் எதிர்பாராத நல்ல செய்தி. பின்னர் வந்த விளிம்பு அளவீடுகள், அங்கே ஒரு குறுகிய பட்டையில் வலுவான மின்புலம் உருவாவதைக் காட்டின. பக்கத்துப் பக்கத்து அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஓடி, இடையில் அகப்பட்ட சுழியை இழுத்துக் கிழித்துவிடுகின்றன. சுழி சிறுத்தால் கசிவும் குறையும். பிரான்ஸில் கட்டப்படும் இட்டர் கருவி 50 மெகாவாட் சூடாக்கலுக்கு 500 மெகாவாட் இணைவுத் திறன் தரும் என்ற திட்டம் இந்த நிலையை நம்பியே போடப்பட்டது.

இரண்டாவது விஷயம் இன்னும் தீரவில்லை. ஸ்கிரேப்-ஆஃப் அடுக்கில் வெப்பம் பாயும் பட்டை எவ்வளவு அகலம்? பல டோக்கமாக்குகளின் அளவீடுகளைத் திரட்டி 2013இல் வெளியிட்ட விதிப்படி இட்டரில் அது சுமார் 1 மில்லிமீட்டர். வளையத்தின் வெளிச் சுற்றளவு ஏறத்தாழ 50 மீட்டர். 50 மீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் அகலம் என்றால் ஒரு ஏ4 தாளைவிடச் சிறிய பரப்பு. அதன் வழியாக 100 மெகாவாட் அளவில் வெப்பம் போக வேண்டும். டைவர்டர் தகடோ சதுர மீட்டருக்குச் சுமார் 10 மெகாவாட்டைத் தொடர்ந்து தாங்குமாறு வடிவமைக்கப்பட்டது. உச்சி வெயிலைப் போல 10,000 மடங்கு அது. காந்தக் கோடுகளை விரித்து, தகட்டைச் சாய்த்து, வாயு ஊதி வெப்பத்தை ஒளியாகச் சிதறடித்துத்தான் இதைச் சமாளிக்க முடியும்.

ஆனால் 2017இல் வெளியான எக்ஸ்ஜிசி என்ற கணினி நிரலின் கணக்கு, இட்டரில் கொந்தளிப்பே அந்தப் பட்டையை 5 மில்லிமீட்டருக்கும் மேல் அகலமாக்கிவிடும் என்றது. இன்றைய கருவிகளுக்கு அதே நிரல் தரும் விடை அளவீட்டோடு பொருந்துகிறது. அப்படியானால் இட்டரில் எது உண்மை? நல்ல முறையில் முடிந்தால் சுவருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு தகட்டை மெல்லியதாகக் கட்டிவிட முடியாது.

## நிரலையும் கருவியையும் ஒப்பிடும் சரியான வழி

நிரல் தருவது அடர்த்தியும் மின்னழுத்தமும். கேமரா தருவது ஒளி, ஊசி தருவது மின்னோட்டம். இரண்டையும் நேராக ஒப்பிட்டுப் பொருந்துகிறது என்று சொல்வதில் அர்த்தம் குறைவு. அதனால் இப்போது நிரலின் விடைக்குள்ளேயே ஒரு கற்பனைக் கருவியை வைக்கிறார்கள். இந்தப் பிளாஸ்மாவில் வாயு ஊதினால் கேமராவுக்கு எப்படித் தெரியும், இந்த வெப்பநிலையில் ஊசியில் எவ்வளவு மின்னோட்டம் வரும், கற்றையின் ஒளி எவ்வளவு கலங்கும் என்பதை எல்லாம் கணக்கிட்டு, அதை உண்மையான பதிவோடு ஒப்பிடுவார்கள். அளவு பொருந்தி, அடர்த்திக்கும் வேகத்துக்கும் இடையிலான கட்ட வேறுபாடு பொருந்தாமல் போனால், அந்த நிரல் சரியான விடையைத் தவறான காரணத்துக்காகத் தந்திருக்கிறது என்று பொருள். நிரலைப் பற்றிய செய்தி எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்தக் கட்ட ஒப்பீட்டைத்தான்.

இதில் அவசரமும் இருக்கிறது. 2024இல் அறிவித்த புதிய அட்டவணைப்படி இட்டர் டியூட்டீரியம்-ட்ரிட்டியம் எரிபொருளோடு ஓடப்போவது 2039இல். அந்த நிலையில் வெப்பமும் நீண்ட ஓட்டமும் சேர்ந்து, இன்று செய்வது போல ஊசியை விளிம்புக்குள் விட்டு எடுக்க இடம் தராது. கேமராவுக்கு ஒளியைத் திருப்பும் கண்ணாடிகளும் பிளாஸ்மாவைப் பார்த்தபடியே இருப்பதால் அரிக்கப்படும், அவற்றின் மேல் படிவும் சேரும். உலோகக் குழாயாகவே இருக்கும் மைக்ரோவேவ் ஆன்டெனாதான் இவற்றில் அதிகம் தாங்கக்கூடியது. ஆகவே ஊசி நுழைய முடிகிற இன்றைய கருவிகளிலேயே ஊசியையும் கேமராவையும் மைக்ரோவேவையும் ஒரே ஓட்டத்தில் ஒரே இடத்தை நோக்கி நிறுத்தி, மைக்ரோவேவ் தரும் எண் எந்த ஆட்டம் வரை சரியாக வருகிறது, எங்கே உடைகிறது என்று புள்ளி புள்ளியாகக் குறித்து வைக்க வேண்டியிருக்கிறது.